சுவைத்தறிவோம்: கியூபாச் சுருட்டும் உறையூர்ச் சுருட்டும்

உண்பனவும் பருகுவனவும் ஆகிய பொருள்களையே இப்பகுதியில் இதுகாறும் ஆராய்ந்து வந்தோம். ராகி மாவு, செக்கெண்ணெய், காப்பித்தூளில் கலக்கும் சிக்கரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இம்மாதம் எடுத்துக்கொண்ட பொருள் உண்பதும் அன்று, பருகுவதும் அன்று. பல இல்லங்களில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வர உரிமை பெறாதது. சுருட்டு என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே தாய்மார்கள் முகஞ்சுளிப்பார்கள் என்பதை அறிவோம். நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்ததே. ஆயினும் இதனை ஆராயப் புகுந்ததற்குக் காரணம் உண்டு.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் கப்பலிற் பணி செய்கிறார். அவர் விடுமுறையில் அத்திபெலே வந்தபோது, ஐந்து சிறிய கியூபாச் சுருட்டுகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தந்தைக்குக் கொண்டுவந்தார். தந்தையோ புகைப்பவர் அல்லர். பெட்டியை நம்மிடம் கொடுத்து, "இதற்கு உலகத்தில் இவ்வளவு பெயர் இருக்கிறதே, நம்மூர்ச் சுருட்டில் இல்லாதது இதில் என்னதான் இருக்கிறது? பார்த்து எழுதுங்கள்" என்றார். எளிய வினாத்தான், ஆனால் விடை தேடப் புகுந்தபோது அது புகையோடு நிற்கவில்லை. பெயர், மொழி, உழைப்பு என்று நீண்டுகொண்டே போயிற்று.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திருச்சிராப்பள்ளி உறையூரிலிருந்து நான்கு சுருட்டுகள் வரவழைத்தோம். நமக்குத் துணையாக ஒரு பெரியவர் அமர்ந்தார். இளமையில் உறையூரில் சுருட்டுச் சுற்றிப் பிழைத்தவர். இன்று நம் ஊரில் மகன் வீட்டில் வாழ்கிறார். மருத்துவர் சொற்படி புகைப்பதை விட்டுப் பல்லாண்டுகள் ஆயின. ஆதலால் தொட்டும் மோந்தும் கூறியவை அவருடையவை. புகைத்துக் கூறுபவை நம்முடையவை.

பொருளின் உருவம்

பெட்டியில் இருந்தது 'மாண்டெகிரிஸ்டோ' என்னும் பெயருடைய சுருட்டு. அவ்வரிசையில் ஐந்தாம் எண். நீளம் 102 மில்லிமீட்டர். சுருட்டின் பருமனைக் கியூபாவில் ஓர் அங்குலத்தை 64 கூறாக்கி அளப்பார்கள். இதன் பருமன் 40 கூறு; அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். கைக்கு அடக்கமானது. நிறம், பால் குறைத்து ஊற்றிய காப்பியின் நிறம். மேலிலையில் மெல்லிய எண்ணெய்ப் பசை. நரம்பு எதுவும் புடைத்துத் தெரியவில்லை. இடையில் பழுப்பும் வெள்ளையுமான காகித வளையம் ஒன்று பெயரைத் தாங்கி நின்றது.

பெரியவர் அதனை வாங்கிக் காதருகே வைத்து இரு விரலால் மெல்ல அழுத்தினார். "சலசலப்பு இல்லை தம்பி, ஈரப்பதம் போகவில்லை. உள்ளே எங்கும் மேடு பள்ளமும் இல்லை. நல்ல கை சுற்றியது" என்றார். பின்பு வளையத்தைக் காட்டி, "எங்களுக்கு இது கிடையாது" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லின் பொருள் பின்னரே நமக்கு விளங்கிற்று.

இத்தகைய சிறிய சுருட்டுகளுக்கும் வரலாற்றில் இடம் உண்டு. 1962 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கியூபாவோடு வாணிகத்தைத் தடைசெய்யும் ஆணையில் கையொப்பமிட்டார். அதற்கு முன்னர்த் தமக்காக 'பெட்டி அப்மன்' என்னும் சிறிய கியூபாச் சுருட்டுகளை இயன்ற மட்டும் வாங்கிவரச் சொன்னார் என்றும், 1,200 கிடைத்தன என்று அறிந்த பின்னரே கையொப்பமிட்டார் என்றும் அவருடைய செய்திச் செயலர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆணையிட்டவருக்கே விட மனமில்லாத பொருள் என்பது இதனால் விளங்கும்.

இலை சுருட்டாகும் வகை

கியூபாவின் மேற்கே பினார் டெல் ரியோ என்னும் மாகாணம் இருக்கிறது. அங்கே வுவெல்தா அபாகோ என்ற வட்டாரத்து மண்ணில் விளையும் புகையிலையே தலையாயதாகக் கொள்ளப்படுகிறது. மேலிலைக்கு வேண்டிய செடிகளை மெல்லிய துணிப் பந்தலின்கீழ் வளர்ப்பார்கள். வெயில் நேரே படாமையால் இலை மெலிந்து, அகன்று, மழமழப்பாக வளரும். அடியிலிருந்து நுனி நோக்கிச் சில நாள் இடைவிட்டு இலை பறித்து, காற்றோட்டமான கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். உலர்ந்த இலையைக் குவியலாக அடுக்கி வைத்தால் அது தானே சூடேறிப் புளிக்கும். அப்போதுதான் கார நெடி குறைந்து மணம் பிறக்கும்.

ஒரு சுருட்டில் மூன்று பகுதிகள் உண்டு. உள்ளே நிரப்புவது, அதனைக் கட்டிப் பிடிப்பது, மேலே போர்த்துவது என்பன அவை. உள்ளே நிரப்பும் இலையிலும் மூவகை உண்டு. செடியின் அடியிலை எளிதில் எரியும். நடு இலை மணம் தரும். உச்சி இலை வெயிலை நிரம்ப உண்டது, ஆதலின் காரம் தரும். இம்மூன்றையும் எந்த அளவிற் கூட்டுவது என்பதே ஒவ்வொரு பெயருடைய சுருட்டுக்கும் உரிய மறைபொருள். பிறை வடிவக் கத்தி ஒன்றும், ஒரு பலகையும், சிறிது பிசினுமே சுற்றுபவரின் கருவிகள். எஞ்சிய யாவும் அவருடைய விரல்களே.

நம் நாட்டு முறை இதற்கு மிகத் தொலைவில் இல்லை. திருச்சிச் சுருட்டு என்று பெயர் பெற்றதேயன்றி, அதன் இலை பெரும்பாலும் திண்டுக்கல் வட்டாரத்தில் விளைவது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்பன அவ்வட்டாரத்துச் சாதிகள். செடியை வெட்டி, வாடவிட்டு, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, குவித்துப் புழுங்கவைத்து, அவ்வப்போது குவியலைப் பிரித்து அடுக்குவார்கள். வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஸ்பென்ஸர் கம்பெனியார் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினர். ஆகவே மண், இலை, கை என்னும் மூன்றும் நமக்கும் குறைவின்றி இருந்தன.

சுவைத்த விவரம்

மாலையில் மொட்டை மாடியில், பிள்ளைகளும் பெண்டிரும் இல்லாத நேரத்தில் கியூபாச் சுருட்டைக் கொளுத்தினோம். அதன் ஒரு முனை திறந்தும் மறுமுனை சிறு இலைத் துண்டால் மூடியும் இருக்கும். மூடிய முனையைக் கூரிய கத்தியால் மெல்லிதாகச் சீவ வேண்டும். தீக்குச்சியின் கந்தக நெடி அடங்கிய பின்னரே சுடரை அருகிற் காட்ட வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுத்தலாகாது. வாயில் நிறுத்தி, சுவையறிந்து, வெளிவிட வேண்டும். சிகரெட்டுப் பழக்கமுடையார் பிழைசெய்யும் இடம் இதுவே.

முதற்பகுதியில் மிளகின் உறைப்பு நாவின் நுனியைத் தொட்டது. சில இழுப்புகளுக்குள் அது தணிந்து, வறுத்த காப்பிக்கொட்டையின் மணம் எழுந்தது. நடுப்பகுதியே இதன் சிறப்பு. சர்க்கரையிடாத கொக்கோவின் கைப்பும், புதிதாக இழைத்த மரத்தின் வாசனையும், அடியில் மெல்லிய இனிப்பும் ஒன்றையொன்று நெருக்காமல் நின்றன. புகை தடித்திருந்தும் தொண்டையை அறுக்கவில்லை. இறுதிப் பகுதியில் சூடேறிக் காரம் மிகுந்தது. அவ்விடத்தில் நிறுத்திவிடுவதே அறிவுடைமை. கொளுத்தியதிலிருந்து அணைத்தது வரை ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. தலை சற்றே சுழன்றதையும் மறைக்காமற் குறிப்பிடுகிறோம். வெறும் வயிற்றில் இதனைத் தொடுவார் மயங்கி விழவும் கூடும்.

மறுவாரம் அதே நேரத்தில் உறையூர்ச் சுருட்டு. இதற்கு வளையம் இல்லை. இரு முனையும் திறந்தே இருப்பதால் சீவ வேண்டியதும் இல்லை. நிறம் கறுப்புக்கு அருகிற் செல்லும் பழுப்பு. மேலிலை முரடு, நரம்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. மோந்தபோது வெல்லப்பாகும் பழைய மரப்பெட்டியும் கலந்தாற் போன்ற மணம் வந்தது. பெரியவர் நெடுநேரம் மோந்துகொண்டே இருந்தார். "இலை நல்லது. ஆற அமர வைக்காமல் அவசரத்தில் சுற்றிவிட்டார்கள்" என்றார்.

கொளுத்திய உடனே இச்சுருட்டு தன் இயல்பை முழுதும் காட்டிவிடுகிறது. கியூபாச் சுருட்டைப்போல் படிப்படியாக மாறுவதில்லை. மண்வாசனை, புகையேறிய வெல்லம், சுக்கின் காரம் இம்மூன்றுமே தொடக்கம் முதல் இறுதி வரை. புகை இழுக்கச் சற்று வலிமை வேண்டியிருந்தது. ஒருபுறம் எரிந்து மறுபுறம் நின்றதால் இருமுறை மீண்டும் கொளுத்த நேர்ந்தது. நான்கில் ஒன்று நன்றாக எரிந்தது, இரண்டு நடுத்தரம், ஒன்று அடைத்துக்கொண்டது. ஆயினும் நன்றாக எரிந்த அந்த ஒன்று, நாம் எதிர்பாராத இன்பத்தைத் தந்தது. உழைத்துக் களைத்தவனுக்கு ஏற்ற உரமான சுவை அது. நயம் குறைவு, ஆனால் பொய்யில்லை.

ஆகவே அன்பரின் வினாவுக்கு நாவளவில் விடை கூறுவதானால் இதுவே: இலையின் வேற்றுமை சிறிது, பக்குவத்தின் வேற்றுமை பெரிது. ஐந்து கியூபாச் சுருட்டுகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாய் இருந்தன. நான்கு உறையூர்ச் சுருட்டுகளும் நான்கு ஊராராய் இருந்தன. காத்திருத்தல், பிரித்தெடுத்தல், குறையுள்ளதைக் கழித்துவிடுதல் ஆகிய மூன்றும் செலவுபிடிப்பவை. விலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தாலன்றி எவரும் அச்செலவைச் செய்யத் துணியார்.

சாம்பல் சொன்ன செய்தி

கியூபாச் சுருட்டின் சாம்பல் வெளிறிய சாம்பல் நிறத்தில், ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. உறையூர்ச் சுருட்டின் சாம்பலோ கருத்து, செதில் செதிலாக உதிர்ந்தது. இவ்வேற்றுமையை நமக்கு முன்னரே ஒருவர் எழுதிவிட்டார். ஆங்கில எழுத்தாளர் கானன் டாயில் 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரை அறிமுகப்படுத்திய முதற் கதையிலேயே, கொலை நடந்த அறையில் சிந்திய கருநிறச் செதிற் சாம்பலைக் கண்டு, கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டறிவதாக எழுதினார். 1890இல் வெளிவந்த அடுத்த கதையிலும் அந்தக் கருஞ்சாம்பலைக் குறிப்பிட்டார். இலண்டன் வாசகர்க்கு விளக்கம் எதுவும் வேண்டாத அளவுக்கு அக்காலத்தில் நம் ஊர்ச் சுருட்டு அறிமுகமாகி இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பெயர் போன வழி

புகையிலைக்குத் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாத் தீவில் மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டார்கள். போர்த்துக்கீசியர் வாயிலாகப் புகையிலை நம் நாட்டுக்கு வந்தது. 1617இல் ஜஹாங்கீர் பாதுஷா அதனைத் தடைசெய்யும் அளவுக்குப் பரவியும் விட்டது. இலை அவர்களிடமிருந்து நமக்கு வந்தது. ஆனால் பெயர் நம்மிடமிருந்து அவர்களுக்குச் சென்றது. 'சுருட்டு' என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் 'ஷெரூட்' ஆயிற்று; போர்த்துக்கீசியத்தில் 'ஷருட்டு' ஆயிற்று. இன்றும் லிஸ்பனிலோ பிரேசிலிலோ ஒருவர் கியூபாச் சுருட்டைக் கேட்டு வாங்கினால், அவர் வாயிலிருந்து வருவது தமிழ்ச் சொல்லின் பேரப்பிள்ளையே. அதுவும் எத்தகைய சொல்! அரசவையில் பிறந்ததன்று, புலவர் புனைந்ததன்று. இலையைக் கையில் எடுத்தவர் செய்யும் தொழிலே அதன் பெயர். சுருட்டுவதால் சுருட்டு.

இங்கே ஒரு வேடிக்கையான ஒற்றுமை இருக்கிறது. 'மாண்டெகிரிஸ்டோ' என்னும் பெயரும் தொழிலாளரிடமிருந்தே வந்தது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் தோன்றியது. தொழிலாளர் வரிசை வரிசையாக அமர்ந்து சுற்றிக்கொண்டிருக்க, மேடையில் ஒருவர் அமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் உரக்கப் படிப்பார். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் முதலாளிகள் அல்லர். கேட்ட தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்ஸாண்டர் டூமாவின் 'மாண்டெ கிரிஸ்டோ கோமகன்' என்னும் நாவல் அவர்களுக்கு உயிர். 1935இல் தொடங்கிய புதிய சுருட்டுக்கு அந்நாவலின் பெயரையே சூட்டினார்கள். தொழிலாளரின் செவியிலிருந்து பிறந்த பெயர் அது. தொழிலாளரின் கையிலிருந்து பிறந்த பெயர் நம்முடையது.

பின்னர் நிகழ்ந்ததிலேதான் வேற்றுமை. கியூபாவார் தம் பெயரைக் காத்தார்கள். 'ஹபானோஸ்' என்னும் பெயரை அத்தீவில் விளைந்து அங்கேயே செய்யப்பட்ட சுருட்டுக்கு மட்டுமே இடலாம் என்று சட்ட வேலி கட்டினார்கள். பெட்டிதோறும் பச்சைநிற அரசு முத்திரை ஒட்டினார்கள். தொழிற்சாலையில் நூல் படிக்கும் வழக்கத்தைக் கூட 2012இல் தேசத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தார்கள். இங்கிலாந்தின் பிரதமராயிருந்த சர்ச்சிலைப் பாருங்கள். அவர் திருச்சிச் சுருட்டை விரும்பிப் புகைத்தார் என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறோம். கியூபாவிலோ நீண்ட சுருட்டு வகை ஒன்றுக்கு 'சர்ச்சில்' என்று பெயரே இட்டுவிட்டார்கள். நம்மிடம் இருப்பது பேச்சு. அவர்களிடம் இருப்பது எழுத்து.

நாமோ, சொல்லை உலகுக்கு வழங்கிவிட்டு, செய்தவரை மறந்தோம். திண்டுக்கல் இலை திருச்சிப் பெயரில் போயிற்று; சுற்றியவர் எந்தப் பெயரிலும் போகவில்லை. சிகரெட்டும் பீடியும் வந்து சுருட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு காலத்தில் தெருத்தெருவாகச் சுருட்டுச் சுற்றிய உறையூரில் இன்று மிகச் சில இடங்களிலேயே அத்தொழில் நடைபெறுகிறது. பெரியவர் வளையத்தைக் காட்டி, "எங்களுக்கு இது கிடையாது" என்றதன் பொருள் இதுவே.

சுருட்டும் புலம்பெயர்ந்தோரும்

நம்மைப் போன்ற பிற ஊர் வாழ் தமிழர்க்கு இப்பொருளில் தனியே ஓர் உறவும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழர் தம் புகையிலையையும் சுருட்டையும் எடுத்துக்கொண்டு இலங்கையின் தென்பகுதிக்குச் சென்று, சிங்கள ஊர்கள்தோறும் கடை வைத்தார்கள். சிங்களத்திலும் 'சுருட்டு' என்றே வழங்குகிறது. ஊரில் குடும்பம், தெற்கே கடை, ஆண்டுக்கு ஓரிரு முறை பயணம் என்று வாழ்ந்த அவர்களுடைய வாழ்க்கை, தருமபுரியிலும் திருப்பத்தூரிலும் வீட்டை வைத்துவிட்டு இங்கே ஓசூர்ச் சாலையில் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர் பலருக்குப் புதிதன்று.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் செய்தித்தாள் படிக்க மற்றவர் கேட்டுக்கொண்டே சுற்றும் வழக்கம் இருந்தது. கேரளத்தின் கண்ணூரில் பீடித் தொழிலாளர் அவ்வாறே செய்தார்கள். படிப்பவருக்குரிய பங்குப் பீடியை மற்றவர் சுற்றிக் கொடுத்தார்கள். பள்ளிக்குச் செல்ல இயலாதவர் பலர் அங்கேதான் உலகத்தை அறிந்தார்கள். கடல் கடந்த கியூபாவும் நம் கொட்டிலும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியிற் சென்றது வியப்பன்று. கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மனம் சொல்லுக்கு ஏங்குகிறது. இன்று நம் பிள்ளைகள் வேலை செய்யும் கூடங்களில் இயந்திர ஒலி மிகுதி; படிப்பார்க்கு அங்கே இடமில்லை. ஆனால் இல்லத்தில் இடமுண்டு, சங்கத்தில் இடமுண்டு.

உடல்நலமும் சட்டமும்

இவ்வளவும் கூறியதனால் சுருட்டைப் பரிந்துரைக்கிறோம் என்று எவரும் கருத வேண்டா. புகையை உள்ளிழுக்காவிடினும் நச்சு வாயின் வழியே உடலிற் சேரும். வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாவதற்குச் சுருட்டு ஒரு காரணம். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பெட்டிச் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். ஆந்திரத்தின் சீகாகுளம், விசாகப்பட்டினம் பகுதிகளில் பெண்கள் பலர் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உடையவர்கள். அவர்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர் பன்முறை எடுத்துரைத்துள்ளனர். சுற்றுபவருக்கும் கேடு உண்டு. பெரியவர் சொன்னார்: "புகைத்தவர்களை விடுங்கள் தம்பி. தொடாதவர்களும் எங்கள் கூட்டத்தில் இருமினார்கள். தூசி யாரையும் கேட்டு உள்ளே போவதில்லை." பழந்தொழில் என்று போற்றும்போது இதனையும் சேர்த்தே நினைக்க வேண்டும். உறையூரில் தொழில் சுருங்கியதை எண்ணி வருந்துகிறோம். அங்குள்ள பிள்ளைகள் அத்தூசிக்குத் திரும்ப வேண்டும் என்று விரும்பவில்லை.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். பொது இடங்களிற் புகைப்பதை மத்திய அரசின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அச்சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதார்க்குப் புகையிலை விற்றலாகாது. கருநாடக அரசு 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்தத்தால் இம்மாநிலத்தில் அவ்வயது 21 ஆயிற்று. பொது இடத்திற் புகைப்பார்க்குரிய தண்டமும் 1,000 ரூபாயாக உயர்ந்தது. எல்லையில் வாழும் நாம் இவ்வேற்றுமையை மறத்தலாகாது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் நம் அத்திபெலேயில் பட்டாசுக் கிடங்கு எரிந்து, தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் பலர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. கிடங்கும் பண்டகசாலையும் மலிந்த இவ்வூரில், கொளுத்திய எதனையும் கையில் ஏந்தி வெளியே நடப்பது ஒருபோதும் கூடாது.

நம் முடிபு

சுவையில் கியூபாச் சுருட்டு உயர்ந்தது. நடுப்பகுதியின் நயத்துக்காகவும், ஒன்றுக்கொன்று மாறுபடாத ஒழுங்குக்காகவும் அதற்கு முதலிடம் தருகிறோம். உறையூர்ச் சுருட்டு உரத்தில் உயர்ந்தது; பக்குவம் கூடியிருந்தால் தன்னளவில் எதற்கும் தாழாது. அறியும் ஆவலால் ஒருமுறை சுவைத்தோம், அவ்வளவில் நிறுத்திக்கொண்டோம். எஞ்சிய நான்கு சுருட்டுகளும் பெட்டியோடு அன்பரிடமே திரும்பிச் சென்றன. பழக்கமில்லாதவர் பழகிக்கொள்ள வேண்டிய பொருள் அன்று இது.

"புகையிலை விரித்தால் போயிற்று" என்று ஒரு பழமொழி உண்டு. அதன் பிற்பாதி பெண்டிரைப் பழிப்பது, அதனை விட்டுவிடுவோம். முற்பாதி உண்மை. கட்டிக் காத்த இலையைப் பிரித்துப் போட்டால் மணம் போய்விடும். தொழிலைப் பற்றிய சொற்களும் அத்தகையனவே. இலையைத் தரம் பிரிக்கும்போது என்ன சொல் வழங்கினார்கள், பதம் வந்ததை எதனால் அறிந்தார்கள், கூலியை எப்படி எண்ணினார்கள் என்று பெரியவரிடம் கேட்டோம். ஒரு மணி நேரம் ஓயாமற் பேசினார். அருகில் அமர்ந்திருந்த அவருடைய பேரன், பள்ளியிற் கன்னடமும் ஆங்கிலமும் பயில்பவன், "தாத்தா, இதையெல்லாம் நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லையே!" என்றான். "நீ கேட்டதில்லையே அப்பா" என்றார் அவர்.

அன்பர்களே! உங்கள் இல்லத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் சுருட்டுச் சுற்றியவராக இருக்கவேண்டும் என்பதில்லை. தறி நெய்தவர், பனை ஏறியவர், பாய் முடைந்தவர், பூட்டுச் செய்தவர் என்று எத்தொழிலராயினும் ஆகுக. அவர் கை அறிந்த சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். தமிழ் எழுத அறியாத பிள்ளைகள் இருப்பின், அவர்களைக் கேட்கச் செய்து நீங்கள் எழுதுங்கள். எழுதியதைச் சங்கத்துக்கு அனுப்பினால், மாதந்தோறும் கூடும் கூட்டத்தில் யாவரும் கேட்க உரக்கப் படிப்போம். கியூபாவின் தொழிலாளர் செய்தது அதுவே. யாழ்ப்பாணத்துக் கொட்டிலில் நிகழ்ந்ததும் அதுவே. அதற்குப் புகை வேண்டியதில்லை. படிப்பவர் ஒருவரும் கேட்பவர் சிலரும் இருந்தாற் போதும்.

அடுத்த திங்களில் நாட்டு வெல்லத்தைப் பற்றி ஆராய்வோம். தாய்மார்கள் அப்போது மகிழ்வார்கள் என்று நம்புகிறோம்.